பழைய லாரிக்கு டீசல் பம்ப், நாசில் செட் மாற்றி டைமிங் வைப்பது எப்படி

திருப்பூர், காங்கேயம் பக்கம் ஓடும் தண்ணி லாரிகளைக் கவனித்திருப்பீர்கள். ஒரு காலத்தில் பம்பாய் லைன், கல்கத்தா லைன் என்று ஓடிக் களைத்த டாடா 1210 வண்டிகள் பல இப்போது கிணற்றுக்கும் கம்பெனிக்கும் நடுவே தண்ணீர் சுமக்கின்றன. சேசிஸ் கெட்டி, சாமான் கிடைக்கும், கம்ப்யூட்டர் தொல்லை கிடையாது. வயசான பிறகு இவற்றில் பெரிய செலவு வைப்பது டீசல் பம்ப்தான். 697 இன்ஜின் (ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் என்னும் சிலிண்டர் உள்விட்டம், அதனால்தான் அந்த எண்) போட்ட அப்படி ஒரு வண்டியை வைத்து, ரீகண்டிஷன் பம்ப்பும் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) செட்டும் மாற்றி, டைமிங் (டீசல் சிலிண்டருக்குள் விழும் நேரம்) வைக்கிற முறையைச் சொல்கிறேன். லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒன்றாக டீசலை அழுத்தும் பகுதிகள் வரிசையாக நிற்கும் பம்ப்) இருக்கிற எந்தப் பழைய லாரிக்கும், திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி இன்ஜினுக்கும் முறை இதேதான். டிகிரியும் மார்க் இருக்கிற இடமும் மட்டும் மாறும். கம்ப்யூட்டர் டீசல் விடுகிற காமன் ரெயில் வண்டி வைத்திருப்பவர்கள் இதை நம்பி ஸ்பேனர் எடுக்க வேண்டாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டீசல் டேங்க் முதல் நாசில் முனை வரை எல்லாம் ஒரே செட். நடுவில் இருக்கிற பம்ப்பை மட்டும் புதுசாக்கிவிட்டு இரண்டு பக்கமும் பழசை விட்டால், கொடுத்த காசு பாதிக்குமேல் வீண். படியூர்க்காரர் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "ஏனுங்க தம்பி, பம்ப் மட்டும் மாத்துனா ஆகாதுங்களா?" என்று கேட்டார். "ஆகுமுங்கண்ணா, ஆனா அடுத்த மாசம் மறுபடியும் இங்கதான் வரோணும்" என்றேன். இந்தப் பதிலைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பம்ப்பைக் கழற்றும் முன், குற்றம் அதன்மேல்தான் என்று உறுதிப்படுத்துங்கள். வண்டி ஸ்லோ ஸ்பீடில் ஓடும்போது நாசில் பக்கத்துப் பைப் நட்டுகளை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒன்றைத் தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. சத்தம் மாறவே இல்லை என்றால் அதுதான் படுத்த சிலிண்டர். டீசல் பீச்சும் இடத்தில் விரலோ முகமோ போகக் கூடாது. நாசிலிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும் அழுத்தத்தில் வருகிறது. அப்படிப் பட்டுவிட்டால் சின்னப் புள்ளிதானே என்று விடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஏர். டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப்புக்கு (டீசலை இழுத்துப் பெரிய பம்ப்புக்குத் தரும் சின்னப் பம்ப்) வரும் ஹோஸில் ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் டியூபைச் சேர்த்து வண்டியை ஓட விடுங்கள். உள்ளே குமிழி ஓடினால் சக்‌ஷன் பக்கம் எங்கோ காற்று இழுக்கிறது. புல்லிங் இல்லை, மிஸ்ஸிங், காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்கிற புகார்களில் பல இந்த டியூபோடு முடிந்துவிடும். மூன்றாவதாக, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங்கும் லைனரும் போய்விட்டன. அந்த இன்ஜினுக்கு எந்தப் பம்ப் போட்டாலும் பலனில்லை. ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

சரி, பம்ப்தான் என்று தெரிந்துவிட்டது. வழி மூன்று இருக்கிறது. உங்கள் பம்ப்பையே பெஞ்ச் கடையில் (பம்ப்பை மெஷினில் ஏற்றிச் சோதிக்கும் கடை) கொடுத்து எலிமென்ட் (டீசலை அழுத்தும் பிளஞ்சரும் அது ஏறி இறங்கும் பேரலும்), டெலிவரி வால்வு, பேரிங் மாற்றி வாங்கலாம். பழசைக் கொடுத்துவிட்டு அவர்கள் செய்து வைத்திருக்கும் பம்ப்பை எடுத்துக்கொள்ளலாம். பிரித்த வண்டியிலிருந்து இறக்கிய பம்ப்பைக் காயலான் கடையில் பிடிக்கலாம். வண்டி நிற்கிற நாளுக்கு வாடகை போகிறது என்பதால் பலரும் இரண்டாவது வழிக்குத்தான் போகிறார்கள். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், ஏனென்றால் அந்தப் பம்ப் அந்த இன்ஜினுக்கென்றே வந்தது. மூன்றாவது வழியில் போகிறவர்களுக்கு, பம்ப்பின் வயிற்றில் இருக்கும் தகட்டைப் படிக்கத் தெரிய வேண்டும்.

தகட்டில் மைக்கோ என்றும் இருக்கலாம், பாஷ் என்றும் இருக்கலாம். 1951-ல் தொடங்கிய மைக்கோதான் 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, ஆகவே அதில் குழப்பம் வேண்டாம். பார்க்க வேண்டியது எண்ணை. 'பி.இ.எஸ். 6 ஏ 90' என்று தொடங்கினால் 6 என்பது சிலிண்டர், ஏ என்பது பம்ப்பின் அளவு வகை, 90 என்பது பிளஞ்சரின் விட்டம் 9 மில்லிமீட்டர். 80 என்றிருந்தால் 8 மில்லிமீட்டர். எண்ணின் கடைசிப் பக்கம் வரும் ஆர், எல் எழுத்துகள் பம்ப் சுற்றும் திசை: டிரைவ் பக்கமிருந்து பார்த்தால் ஆர் வலச்சுற்று, எல் இடச்சுற்று. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரி உட்காரும். பெரிய பிளஞ்சர் பம்ப்பைப் போட்டால் வண்டி பறக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. பறக்காது, கருப்புப் புகைதான் கக்கும். அதற்கேற்ற காற்று அந்த இன்ஜினுக்குள் போகவில்லை. பழைய தகட்டு எண்ணும் புதுப் பம்ப் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

பெஞ்ச் கடையில் ஒரு சீட்டு கேட்டு வாங்குங்கள். ஆறு எலிமென்ட்டும் எவ்வளவு டீசல் விடுகின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எந்த ஆர்பிஎம்மில் கட் ஆகிறது, எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆறு சிலிண்டர் பம்ப்பில் ஒரு எலிமென்ட்டுக்கும் அடுத்ததற்கும் சரியாக 60 டிகிரி இடைவெளி இருக்க வேண்டும். அது தப்பினால் நீங்கள் முதல் சிலிண்டருக்கு எவ்வளவு அழகாக டைமிங் வைத்தாலும் மற்ற ஐந்தும் தாறுமாறாகத்தான் அடிக்கும். உங்கள் இன்ஜினுக்கு டீசல் எந்த டிகிரியில் விழ வேண்டும் என்பதையும் பம்ப் எண்ணைச் சொல்லி அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். பக்கத்து ஷெட்டுக்காரர் சொல்லும் டிகிரி அவர் பார்த்த இன்ஜினுக்கு உரியது. கோயம்புத்தூர், ஈரோடு, நாமக்கல், சங்ககிரி எங்கே போனாலும் பெஞ்ச் வைத்த கடை உண்டு. சீட்டு எழுதித் தரத் தயங்குகிற கடை வேண்டாம்.

இப்போது சுத்தம். இதில் நான் கொஞ்சம் வம்பு பிடித்தவன். பிளஞ்சருக்கும் பேரலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். அதனால்தான் இரண்டையும் ஜோடியாகவே விற்கிறார்கள், ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போடக் கூடாது. அந்த இடைவெளிக்கு நம் ஊர்த் தூசி பாறாங்கல். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காங்கேயம், தாராபுரம் பக்கம் என்ன செய்யும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நாட்களில் திறந்தவெளியில் பைப்பைக் கழற்றாதீர்கள். ஷெட்டுக்குள் விட்டு, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஆரம்பியுங்கள். இன்ஜினின் பம்ப் பக்கத்தை முந்தின நாளே டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவிக் காய விடுங்கள்.

இன்னொன்று, பனியன் வேஸ்ட். இங்கே எல்லா ஷெட்டிலும் கை துடைக்க அதுதான். கை துடைக்கலாம், பம்ப் வாயைத் துடைக்கக் கூடாது. அதன் நூல் பிசிறு ஒன்று டெலிவரி வால்வில் உட்கார்ந்தால் அந்த சிலிண்டர் மக்கர் பண்ணும், நீங்கள் நாசிலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். கழற்றும் ஒவ்வொரு பைப்புக்கும் ஹோல்டருக்கும் உடனே பிளாஸ்டிக் மூடி போடுங்கள். மூடி இல்லை என்றால் சுத்தமான பாலிதீன் கவரும் ரப்பர் பேண்டும் போதும்.

டீசல் டேங்க்கை இறக்குங்கள். தண்ணி லாரியின் டீசல் டேங்க்கில் அடியில் துருவும் சேறும் இல்லாமல் நான் பார்த்ததில்லை. எப்போதும் கால் டேங்க் டீசலில் ஓட்டினால் மேலே காலியாக இருக்கும் இடத்தில் ராத்திரி குளிரில் தண்ணீர் கோர்க்கும், அது அடியில் இறங்கும். கழுவி, சல்லடையைப் பார்த்து, காய வைத்து ஏற்றுங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு. இரண்டு ஃபில்டரும் புதுசு. டீசல் லைனை மாட்டும் துளை போல்ட்டான பேஞ்சோ போல்ட் வாஷர்கள் அத்தனையும் புதுசு. பழைய வாஷரைத் திருப்பிப் போடுவது அங்கே காற்றை விருந்துக்குக் கூப்பிடுவது. ஃபீட் பம்ப்பைத் திறந்து வால்வுகளும் ஸ்பிரிங்கும் சரியா என்று பாருங்கள். டீசலில் 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் வண்டி ஆயில்) கலக்க வேண்டுமா என்று டிரைவர்கள் கேட்பார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு டீசலில் கந்தகம் 10 பிபிஎம் ஆகக் குறைந்துவிட்டது, பம்ப் காய்ந்துபோகும் என்ற பேச்சு அதிலிருந்து வந்தது. ஆனால் அந்த டீசலுக்கே வழுவழுப்புக்கு அளவு வைத்து மருந்து சேர்த்துத்தான் விற்கிறார்கள். நல்ல பங்கில் அடித்தால் எதுவும் கலக்கத் தேவையில்லை.

கழற்றுவது பெரிய வித்தை அல்ல. பேட்டரி ஒயரை எடுத்துவிடுங்கள். டேப்பட் கவரைத் திறந்து, இன்ஜினை ஓடும் திசையிலேயே கையால் சுற்றி, முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனுக்குக் கொண்டுவாருங்கள். அடையாளம் எளிது: முதல் சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடி டேப்பட் தளர்வாக இருக்கும், ஆறாவது சிலிண்டரில் ஒரு வால்வு மூடவும் மற்றது திறக்கவும் இருக்கும். ஆறாவதைப் பார்க்காமல் புல்லி மார்க்கை மட்டும் நம்பினால் ஒரு முழுச் சுற்று தப்பிவிடும். சீட்டில் எழுதிய டிகிரி மார்க்கில் நிறுத்துங்கள். பம்ப் ஃப்ளேஞ்சும் இன்ஜின் கியர் கேஸும் சேரும் இடத்தில் உளியால் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு, பைப், கேபிள், ஆயில் லைன் எல்லாம் கழற்றிப் பம்ப்பை வெளியே எடுங்கள். இதற்குப் பிறகு இன்ஜினை யாரும் சுற்றக் கூடாது. ஷெட்டில் சின்னப் பையன்கள் இருந்தால் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

பம்ப் உட்காரும் முன் நாசில். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், சிலர் செய்வதே இல்லை. நாசில் ஹோல்டர் ஹெட்டில் இறுகியிருந்தால் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டாதீர்கள். கொஞ்சம் டீசல் ஊற்றி ஊற விட்டு, இழுக்கும் டூல் போட்டு நேராக இழுங்கள். வெளியே வந்ததும் முதலில் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய செப்பு வாஷர் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புது வாஷரைப் போட்டு ஏற்றினால் இரண்டு வாஷர் ஆகிவிடும், நாசில் முனை மேலே தூக்கி நிற்கும், டீசல் பிஸ்டன் குழிக்குள் விழ வேண்டிய இடத்தில் விழாது. அப்புறம் புகை ஏன் என்று பம்ப்பைத் திட்டுவோம். ஒரு நாசிலுக்கு ஒரே வாஷர், அதுவும் புதுசு, பழசின் தடிமனே இருக்க வேண்டும். சீட்டிங்கில் இருக்கும் கரியை மரக்குச்சியால் சுரண்டித் துடையுங்கள்.

நாசில் முனையில் இருக்கும் துளைகள் மிகச் சின்னவை. ஊசி, பிரேக் கேபிள் கம்பி எதையும் விட்டுக் குத்தாதீர்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் தூவல் கெட்டுவிடும். புது நாசிலாக இருந்தாலும் டெஸ்டரில் ஏற்றிப் பாருங்கள். கம்பெனி பெட்டி மாதிரியே வரும் டூப்ளிகேட்டுகளைப் பெட்டியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, டெஸ்டர் காட்டிக்கொடுக்கும். திறக்கும் அழுத்தம் உங்கள் இன்ஜினுக்குச் சொன்ன அளவில் இருக்க வேண்டும், ஆறும் ஒரே அளவில் இருக்க வேண்டும். திறக்கும்போது கிர்ரென்று ஒரு அதிர்வுச் சத்தம் வரும். எல்லாத் துளையிலிருந்தும் பனி மாதிரி தூவ வேண்டும், ஒரு பக்கம் கோடாக ஓடக் கூடாது. அடுத்து, திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் கீழே பிடித்துப் பத்து விநாடி வையுங்கள். முனையில் சொட்டு கட்டக் கூடாது. சொட்டு கட்டுகிற நாசில் தூவுவதில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அது பிஸ்டன் தலையை எரிக்கும்.

புதுப் பம்ப்பைக் கையில் எடுத்ததும் முதல் வேலை, டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டான ராக்கைத் தள்ளிப் பார்ப்பது. விரலால் தள்ளினால் தடையில்லாமல் போய் வர வேண்டும். இரண்டாவது, ஆயில். தனி ஆயில் வைத்த பம்ப் என்றால் லெவல் வரை இன்ஜின் ஆயில் ஊற்றுங்கள். இன்ஜினிலிருந்து ஆயில் வரும் வகை என்றாலும் முதலில் கொஞ்சம் ஊற்றித்தான் ஏற்ற வேண்டும். காய்ந்த கேம் ஷாஃப்ட்டை ஓட விடுவதற்கா இவ்வளவு காசு கொடுத்தோம்? பம்ப் ஷாஃப்ட்டைச் சுற்றும் திசையில் திருப்பி, முதல் எலிமென்ட் டெலிவரி தொடங்கும் மார்க்கை ஒட்டி நிறுத்தி, கேஸில் ஏற்றுங்கள். ஃப்ளேஞ்சில் இருக்கும் நீளத் துளைகளின் நடுவில் போல்ட் நிற்கட்டும், லேசாக இறுக்கினால் போதும்.

இனி டைமிங். காதால் கேட்டு, புகையைப் பார்த்து, ஓட விட்டுத் திருப்பி வைக்கிறவர்கள் உண்டு. அவர்களில் சிலருக்கு நிஜமாகவே நல்ல காது. ஆனாலும் நான் சொட்டுக் கணக்கைத்தான் நம்புவேன். அதில் நடப்பது இதுதான்: பிளஞ்சர் கீழே இருக்கும்போது பேரலின் பக்கத் துளை திறந்திருக்கும், டீசல் உள்ளே வந்து மேலே வழியும். பிளஞ்சர் ஏறி அந்தத் துளையை மூடுகிற கணம் வழிதல் நிற்கும். அதுதான் டெலிவரி தொடங்கும் இடம். அந்தக் கணத்தில் இன்ஜின் மார்க் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

முதல் எலிமென்ட்டின் டெலிவரி வால்வு ஹோல்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்து சுத்தமான டீசல் கிண்ணத்தில் போட்டு மூடி வையுங்கள். வால்வின் சீட் அப்படியே இருக்கட்டும். ஹோல்டரைத் திரும்ப மாட்டி, அதன்மேல் முனை வளைந்த ஒரு சின்னப் பைப்பை இறுக்குங்கள். பழைய பிரஷர் பைப்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி வளைத்துக்கொள்ளலாம். ஸ்டாப் கேபிளை ஓடும் நிலையில் விட்டு, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திக் கட்டுங்கள். இப்போது இன்ஜினை மார்க்குக்கு முன்னால் கால் சுற்று பின்னோக்கிக் கொண்டுபோய், பையனை ஃபீட் பம்ப்பில் இருக்கும் கை பம்ப்பை அடிக்கச் சொல்லுங்கள். பைப்பில் டீசல் ஓட்டமாக வரும். நீங்கள் முன்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். ஓட்டம் மெலியும், அப்புறம் சொட்டாகும், அப்புறம் ஒரு சொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே நீண்ட இடைவெளி வரும். பதினைந்து, இருபது விநாடிக்கு ஒரு சொட்டு என்று ஆனதும் நிறுத்துங்கள். முள் எந்த டிகிரியில் நிற்கிறது?

சீட்டில் எழுதிய டிகிரிக்கு முன்பே நின்றுவிட்டால் டைமிங் அட்வான்ஸ், தாண்டி நின்றால் லேட். சரி செய்ய இன்ஜினை டிகிரி மார்க்கில் நிறுத்திவிட்டு, பம்ப் உடம்பைத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லோருக்கும் குழப்பம். பம்ப் ஷாஃப்ட் சுற்றும் திசைக்கு எதிராக உடம்பைத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் லேட். இதை மனசில் வைத்துக்கொண்டால் எந்த இன்ஜினிலும் தடுமாற வேண்டாம். கப்ளிங் வழியாகச் சுற்றும் பம்ப் என்றால் உடம்பைத் திருப்பாமல் கப்ளிங் போல்ட்டைத் தளர்த்தி ஷாஃப்ட்டை நகர்த்த வேண்டும். கொஞ்சமாகத் திருப்புங்கள். இன்ஜின் இரண்டு சுற்று சுற்றினால் பம்ப் ஒரு சுற்று, ஆகவே பம்ப்பில் ஒரு டிகிரி என்பது இன்ஜினில் இரண்டு டிகிரி. நீளத் துளையின் ஓரத்துக்கே போய்விட்டீர்கள், இன்னும் டைமிங் வரவில்லை என்றால் கியர் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. துளையை அரம் போட்டு நீட்டுகிற புத்திசாலித்தனம் வேண்டாம். பம்ப்பை இறக்கி ஒரு பல் மாற்றுங்கள்.

ஒவ்வொரு முறையும் இன்ஜினை மார்க்கைத் தாண்டிப் பின்னே கொண்டுபோய், மறுபடி முன்னே வந்தே பாருங்கள். பின்னோக்கி வந்து மார்க்கைப் பிடித்தால் கியர் பல்லின் விளையாட்டு அளவில் சேர்ந்துவிடும். இரண்டு முறை தொடர்ந்து ஒரே இடத்தில் சொட்டு நின்றால் போல்ட்டை முழுதாக இறுக்கி, இறுக்கிய பிறகு இன்னொரு முறை பாருங்கள். டெலிவரி வால்வைக் கழற்றாமல், ஹோல்டர் வாயில் நிற்கும் டீசல் எப்போது அசைகிறது என்று பார்த்து வைப்பதும் உண்டு. ரோட்டில் நின்ற வண்டிக்கு அது போதும். ஒன்றிரண்டு டிகிரி தப்பும், ஷெட்டுக்கு வந்ததும் சொட்டு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

வால்வையும் ஸ்பிரிங்கையும் சுத்தமாகத் திரும்பப் போட்டு, ஹோல்டரை டார்க் ரெஞ்ச் வைத்துப் பெஞ்ச் கடை சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பைப் ஸ்பேனர் மேல் இன்னொரு பைப் சொருகி இறுக்கினால் பேரல் நசுங்கி ராக் இறுகிவிடும். இறுக்கியதும் ராக்கை மறுபடி தள்ளிப் பாருங்கள். பிரஷர் பைப்புகள் ஆறும் ஒரே நீளம், ஒரே உள்துளை. ஒன்று உடைந்தது என்று வேறு வண்டிப் பைப்பை வளைத்துப் போட்டால் அந்த சிலிண்டரின் டைமிங் மட்டும் விலகும். பைப்புகளைக் கட்டி வைக்கும் கிளாம்ப்புகளைத் தவறாமல் மாட்டுங்கள். இல்லாவிட்டால் அதிர்விலேயே கழுத்துப் பக்கம் கீறல் விட்டுவிடும்.

ஏர் எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கை பம்ப் அடித்து முதல் ஃபில்டர் ஸ்க்ரூ, இரண்டாவது ஃபில்டர் ஸ்க்ரூ, பம்ப் ஸ்க்ரூ என்ற வரிசையில் குமிழி நிற்கும் வரை விடுங்கள். நாசில் பக்கத்து நட்டுகளைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஆறிலும் டீசல் துடித்து வந்ததும் இறுக்குங்கள். ஒரே மூச்சில் பத்து, பதினைந்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஆற விட்டு அடியுங்கள்.

ஸ்டார்ட் பண்ணும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ஏர் ஃபில்டரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, அந்த வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். புது வேலையில் ராக் எங்காவது சிக்கி முழு டெலிவரியில் நின்றுவிட்டால் இன்ஜின் தானாக ஏறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை அடைத்தால்தான் நிற்கும். துணி வைத்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும், கையை வைக்கவே கூடாது. டிரைவர் சீட்டில் இருப்பவர் ஸ்டாப் கேபிளில் ஒரு கை வைத்தபடி ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஓடியதும் முதலில் ஸ்டாப் கேபிளை இழுத்து அணைத்துப் பாருங்கள். அணைந்தால் பலகைக்காரருக்கு விடுதலை. ஹோஸை மாட்டி இறுக்கிவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்கள்.

சூடு ஏறிய பிறகு புகையைப் பாருங்கள். காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளை, கூடவே புல்லிங் இல்லை என்றால் டைமிங் லேட். டக் டக்கென்று கெட்டியான நாக்கிங் என்றால் அட்வான்ஸ். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, பம்ப்புக்கு அதில் பங்கில்லை. காலியாக ஓடும்போது சுத்தமாக இருந்து, லோடில் மட்டும் கருப்பு வந்தால் முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அப்புறம் நாசில், கடைசியில்தான் பம்ப். காலி வண்டியை ரைஸ் பண்ணிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். தண்ணி லாரிக்கு ஒரு சௌகரியம், லோடு ஏற்றக் கூலி கிடையாது. 6,000 லிட்டர் நிரப்பினால் ஆறு டன். படியூர் வண்டியை அப்படி நிரப்பி ஊதியூர் வரை ஓட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன். மலைக்குப் போகிற வண்டி என்றால் திம்பத்தின் 27 வளைவும் கொல்லிமலையின் 70 வளைவும் ஷெட்டில் தெரியாத குறையையெல்லாம் சொல்லிவிடும்.

ஓட்டிப் பார்த்துவிட்டு டிரைவர் ஒன்று கேட்பார்: "அந்த ஸ்க்ரூவ ஒரு அரைச்சுத்து கூட்டி வுடுங்கண்ணா, இன்னுங் கொஞ்சம் இழுக்கட்டும்." பம்ப் பின்னால் சீல் வைத்திருக்கும் டெலிவரி ஸ்க்ரூவைச் சொல்கிறார். உடைக்காதீர்கள். இழுவை ஒரு வாரம் நன்றாகத்தான் தெரியும். டீசல் கணக்கு ஓனர் கைக்கு வரும்போது பேச்சு மாறும், எக்ஸாஸ்ட் சூடு ஏறி வால்வும் பிஸ்டனும் பின்னாலேயே வரும். கவர்னர் பக்கத்து ஸ்க்ரூவும் அப்படித்தான். புகை சர்ட்டிபிகேட்டுக்கும் இது பொருந்தும். பிஎஸ்-4க்கு முந்தைய டீசல் வண்டிகளுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் யூனிட் (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு). சீல் உடையாத பம்ப்பும் சொட்டாத நாசிலும் சரியான டைமிங்கும் இருந்தால் எஃப்.சி.க்குப் போகும்போது யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

முதல் லோடு முடிந்து வந்ததும் இன்ஜின் ஆறிய பிறகு நாசில் ஹோல்டர், பைப் நட், பேஞ்சோ போல்ட், ஃப்ளேஞ்ச் போல்ட் எல்லாவற்றையும் ஒரு முறை பாருங்கள். வாஷர் அமுங்கியதால் சிலது கால் திருப்பு கேட்கும். பம்ப் ஆயில் லெவலையும் பாருங்கள். லெவல் ஏறியிருந்தால் டீசல் உள்ளே இறங்குகிறது, எலிமென்ட் அல்லது ஃபீட் பம்ப் கசிவு. பெஞ்ச் கடைச் சீட்டோடு போய் நில்லுங்கள். கழுவிய டேங்க்கிலும் மிச்சம் மீதி துரு வரும் என்பதால் முதல் ஃபில்டரை 1,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். கழற்றிய ஃபில்டரை வெட்டிப் பாருங்கள். துரு இன்னும் கையில் ஒட்டினால் டேங்க்கை மறுபடி இறக்க வேண்டும்.